பழைய கார் கேசட் செட்டில் ஃபோனுக்கு ஓர் ஆக்ஸ் வழி அமைத்தல்

நெல்லைச் சீமையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசடர், மாருதி 800, ஆம்னி, டாடா சுமோ போன்ற வண்டிகள் பலவற்றில், பல ஆண்டுகளுக்கு முன் பொருத்திய கேசட் செட்டே டேஷ்போர்டில் இருக்கிறது. ரேடியோ தெளிவாகப் பாடும், ஸ்பீக்கர்களிலும் குறை இருக்காது. ஆனால் கேசட்டுகளின் நாடா மெலிந்து சிக்கிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டதாலும், வீட்டார் கேட்க விரும்பும் பாட்டெல்லாம் ஃபோனுக்குள் போய்விட்டதாலும், நல்ல நிலையில் உள்ள செட்டையே கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. ஃபோனின் ஒலியை வால்யூம் குமிழுக்குச் சற்று முன்னதாக, செட்டின் உள்ளே ஒலி கடந்துபோகும் பாதையில், சுவிட்ச் உள்ள ஒரு ஜாக் வழியாக நுழைத்துவிட்டால் ரேடியோவும் கேசட்டும் பழையபடியே இயங்கும், ஃபோனும் பாடும். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பின் எப்படி ஒயர் கொடுப்பது என்பதே இங்கே நான் விளக்க வருவது.

சால்டரிங் அயர்னைப் பிடித்துப் பழக்கம் உள்ள எவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதில் இதை முடித்துவிடலாம். பழக்கம் இல்லாதவர்கள் முதலில் வீணாய்ப்போன ஒரு ரேடியோ போர்டில் நாலைந்து ஒயர்களை வைத்தும் எடுத்தும் பழகிய பிறகு செட்டைத் தொடுவது நல்லது.

செட்டின் முதுகைப் பாருங்கள்

மூடியைத் திறப்பதற்கு முன், செட்டின் பின்பக்கத்தை ஒருமுறை கவனமாகப் பார்க்க வேண்டும். சில செட்டுகளில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ சாக்கெட்டுகள் இருக்கும். அவற்றைப் பார்த்ததும் ஆக்ஸ், அதாவது வெளி ஒலியை உள்ளே வாங்கும் நுழைவு, கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது, ஏனெனில் பெரும்பாலும் அவை வெளியில் வைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியை அனுப்பும் லைன் அவுட் சாக்கெட்டுகளாகவே இருக்கும். ரேடியோ பாடும்போது மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட் நிலையில் வைத்து அந்தச் சாக்கெட்டை அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். முள்ளோ எண்ணோ பாட்டோடு சேர்ந்து ஆடினால் அது வெளியே போகும் வழி, உள்ளே வரும் வழி அல்ல.

பல சிடிகளை மாற்றி மாற்றிப் பாடவிடும் சிடி சேஞ்சர் என்ற பெட்டியை இணைப்பதற்கான சாக்கெட் உள்ள செட்டாக இருந்தால் வேலை பாதி குறைந்துவிடும். ஐரோப்பிய அமைப்பில் வரும் செட்டுகளில் மூன்று நிறத்தில் அடுத்தடுத்து அமைந்த சிறிய ஐஎஸ்ஓ சாக்கெட் இருக்கும். அதன் நீலப் பகுதியில் 18ஆம் பின் ஒலிக்கான கிரவுண்டும் (மின்சாரம் திரும்பும் பொது இணைப்பு), 19ஆம் பின் இடப்பக்க ஒலியும், 20ஆம் பின் வலப்பக்க ஒலியுமாக அமைவது வழக்கம். ஆனால் சேஞ்சர் உண்மையாகவே இணைந்திருக்கிறது என்ற சமிக்ஞை வராமல் அந்த வழியைத் திறக்க மறுக்கும் செட்டுகள் உண்டு. அவற்றுக்கு அந்தச் சமிக்ஞையைப் போலியாகக் கொடுக்கும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. அவை கிடைக்காவிட்டால் கீழே சொல்லும் முறைக்கே வர வேண்டும்.

செட்டைத் திறக்கவே விருப்பம் இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று கேசட் அடாப்டர். கேசட்டின் வடிவில் இருக்கும் அந்தப் பொருளின் உள்ளே ஒரு சிறு காந்தத் தலை இருக்கிறது. ஃபோனின் ஒலியை அது காந்த அலையாக மாற்றி, நாடாவைப் படிக்கும் செட்டின் தலைக்கு நேராக நின்று கொடுக்கிறது. செட்டின் தலையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டு இதைப் போட்டால் ஓரளவு நல்ல ஒலியே வரும். பல் சக்கரங்கள் உருளும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஆட்டோ ரிவர்ஸ் உள்ள செட்டுகளில் அது தானாகவே திரும்பிக்கொண்டு தொல்லை தருவதும் உண்டு. மற்றொன்று, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பாளையங்கோட்டையில் காலியாக இருக்கும் அலைவரிசை நாகர்கோவிலை நெருங்கும்போது காலியாக இருப்பதில்லை. செங்கோட்டையைத் தாண்டினால் மலையாள நிலையங்கள் குறுக்கிடும், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அலைவரிசையைத் தேடிக் கை போகும். அது பாதுகாப்பான வழக்கம் அல்ல.

ஏன் வால்யூம் குமிழுக்கு முன்னால்?

கேசட் செட்டுக்குள் ஒலி மூன்று படிகளில் வளர்கிறது. கேசட் தலையிலிருந்து வரும் சமிக்ஞை ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவானது. அதை எல்ஏ 3161, பிஏ 328 போன்ற முன்பெருக்கி ஐசி ஒன்று சில நூறு மில்லிவோல்ட் அளவுக்கு உயர்த்துகிறது. ரேடியோப் பகுதியிலிருந்து வரும் ஒலியும் ஏறக்குறைய அதே அளவில் வந்து, ஒரு சுவிட்ச் வழியாக வால்யூம் குமிழை அடைகிறது. குமிழுக்குப் பிறகு டிடிஏ 2003, டிடிஏ 2005 போன்ற பவர் ஐசி அதை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்குகிறது. ஃபோனின் இயர்ஃபோன் சாக்கெட்டிலிருந்து முழு ஒலியில் கிடைப்பது ஏறத்தாழ அரை வோல்ட் முதல் 1 வோல்ட் வரை. ஆகவே அது இயல்பாகப் பொருந்தும் இடம், நடுவில் உள்ள அந்தக் குமிழின் வாசல்தான்.

தலையின் ஒயரில் ஃபோனை இணைக்கலாமே என்று நினைப்பவர்கள் பலர் உண்டு. ஒலி அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் கூடுதலாக இருப்பது முதல் தடை. அதைக் குறைத்துக் கொடுத்தாலும், நாடாவின் இயல்புக்கு ஏற்ப கீழ்ச் சுருதிகளை மிகவும் தூக்கிக் கொடுக்கும்படி அந்த முன்பெருக்கி அமைக்கப்பட்டிருப்பதால், பாட்டு முழுவதும் கும்மென்று அடைத்துப்போய்த்தான் கேட்கும். குமிழுக்குப் பின்னால் கொடுத்தாலோ செட்டின் குமிழால் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியாமல் போகும்.

கழற்றுவதும் மேஜையில் ஓட்டுவதும்

தேவையானவை அதிகம் இல்லை. 25 வாட் சால்டரிங் அயர்ன், ஃப்ளக்ஸ் உள்ள மெல்லிய ஈயக்கம்பி, மல்டிமீட்டர், இரண்டு உள்கம்பியும் மேலே வலையும் உள்ள ஷீல்டு ஒயர் ஒரு மீட்டர், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ஐந்து கால்கள் உள்ள 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக், 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் இரண்டு, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் நான்கு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் நான்கு ஆகியவை போதும். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் விற்கும் எந்தக் கடையிலும் இவை கிடைக்கும். ஜாக் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். மூன்று கால் ஜாக் இந்த வேலைக்கு உதவாது. ஐந்து கால் ஜாக்கில், பின் செருகாதபோது ஒட்டிக்கொண்டும் செருகியதும் விலகிக்கொண்டும் இருக்கும் இரண்டு தொடர்புகள் கூடுதலாக இருக்கின்றன. கழுத்து உலோகமாக இல்லாமல், உடல் முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆன ஜாக்காகப் பார்த்து வாங்க வேண்டும். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

காரின் பேட்டரியில் முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றி விடுங்கள். சில செட்டுகள் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் ரகசிய எண் கேட்கும் வகையைச் சேர்ந்தவை. அந்த எண் கையில் இருக்கிறதா என்று கழற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு தண்டுகளில் குமிழ்கள் மாட்டிய மிகப் பழைய செட்டுகளில், குமிழ்களை இழுத்து எடுத்தால் பின்னால் உள்ள நட்டுகள் தெரியும். 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒற்றை டின் செட்டுகளில் இரு ஓரங்களிலும் உள்ள பிளவுகளில் அல்லது துளைகளில் அதற்கான சாவிகளைச் செருகி இழுக்க வேண்டும். செட்டின் முதுகிலும் ஒரு தாங்கு போல்ட் இருக்கலாம் என்பதால் வலிந்து இழுக்கக் கூடாது.

ஒயர்களைப் பிரிப்பதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவான வழக்கப்படி மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் இருக்கும் ஒயர், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வருவது, கறுப்பு எர்த். முன் ஸ்பீக்கர்களுக்கு வெள்ளையும் சாம்பலும், பின் ஸ்பீக்கர்களுக்குப் பச்சையும் ஊதாவும் வரும். கறுப்புக் கோடு போட்டவை அவற்றின் நெகட்டிவ். ஆனால் கையில் கிடைத்த ஒயரைக் கொண்டு முடித்துவிட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருப்பதால், நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மாமாவின் மாருதி 800 காரில் இந்த வேலையை முதன்முதலாகச் செய்தபோது, அருகில் கைக்கு எட்டியது என்பதற்காக ஜாக்கின் கிரவுண்டை ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயரில் பற்றவைத்தேன். அந்தச் செட்டின் பவர் ஐசி பிரிட்ஜ் முறையில் இணைக்கப்பட்டது. அந்த முறையில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களிலும் பேட்டரி மின்னழுத்தத்தில் ஏறத்தாழ பாதி நின்றுகொண்டிருக்கும், எந்த ஒயரும் எர்த் அல்ல. ஃபோன் சார்ஜரில் இருந்தபடியே அதைச் செருகியதும், சார்ஜர் வழியாக ஸ்பீக்கர் ஒயர் வண்டியின் உடம்போடு இணைந்து ஐசி சூடேறிக் கருகிவிட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் புதிய ஐசி தேடிப் பல நாள் அலைந்தது எனக்கு மறக்கவில்லை. ஸ்பீக்கர் ஒயர்களை இந்த வேலையில் எதற்கும் தொடாதீர்கள்.

செட்டை மேஜைக்குக் கொண்டுவந்த பின், யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியால் ஓட்டிப் பார்க்கலாம். பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில் காரின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துவிடுங்கள். எங்காவது ஷார்ட் ஆனால் பல்பு பளிச்சென்று எரிந்து, இரண்டு ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் போகாமல் தடுத்துவிடும். செட்டு சரியாக இருந்தால் பல்பு மங்கலாகவோ எரியாமலோ இருக்கும், ஒலியைக் கூட்டும்போது லேசாகச் சிவக்கும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஆனால் எத்தனையோ செட்டுகளை இது காப்பாற்றியிருக்கிறது. மஞ்சள், சிவப்பு ஒயர்கள் இரண்டையும் பாசிட்டிவில் சேர்த்து, ஒரு 4 ஓம் ஸ்பீக்கரையாவது மாட்டிய பிறகே இயக்க வேண்டும்.

நுழைவிடத்தைக் கண்டுபிடித்தல்

மேல் மூடியையும் கீழ் மூடியையும் கழற்றினால் குமிழின் பின்னால் வால்யூம் கன்ட்ரோல் தெரியும். ஸ்டீரியோ செட்டில் அது இரண்டு அடுக்காக, அடுக்குக்கு மூன்று கால்களோடு இருக்கும். சிலவற்றில் லவுட்னெஸ் வசதிக்காக நாலாவது கால் ஒன்றும் இருக்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குமிழை முழுவதும் குறைத்து வைத்து, மீட்டரை ஓம் நிலையில் வைத்து அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று பூஜ்ய ஓம் காட்டும் இரண்டு கால்களில் ஒன்று கிரவுண்ட், மற்றது நடுக்கால். எந்தக் காலிலிருந்து செட்டின் கிரவுண்டுக்கு எப்போதும் பூஜ்யமாக இருக்கிறதோ அதுவே கிரவுண்ட் கால். குமிழைத் திருப்பும்போது கிரவுண்டிலிருந்து அளவு மாறிக்கொண்டே வருவது நடுக்கால். குமிழை எப்படித் திருப்பினாலும் கிரவுண்டிலிருந்து 10, 20 அல்லது 50 கிலோ ஓம் என்று ஏறக்குறைய மாறாமல் நிற்பது மேல்கால். நமக்கு வேண்டியது அந்த மேல்கால்தான்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை செய்யலாம். ரேடியோவைச் சிறிய ஒலியில் பாடவிட்டு, ஃபோனிலும் ஒரு பாட்டைக் குறைந்த ஒலியில் ஓடவிட வேண்டும். ஃபோன் ஒயரின் கிரவுண்டைக் குமிழின் கிரவுண்ட் காலிலும், இடப்பக்க ஒயரை 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக மேல்காலிலும் ஒரு நொடி தொட்டால், ரேடியோவோடு கலந்து ஃபோன் பாட்டும் கேட்கும். இரண்டும் ஒரே குமிழுக்குக் கட்டுப்பட்டால் இடம் சரி. இந்த நிலையிலேயே ஒயரை நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று தோன்றும், அப்படிச் செய்யக் கூடாது. இரண்டு ஒலி மூலங்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டால் இரண்டுமே நலியும், ரேடியோவும் அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வெட்டுதலும் இணைத்தலும்

மேல்காலுக்கு வந்து சேரும் செப்புத் தடத்தைக் கண்ணால் பின்தொடர்ந்து, காலுக்கு அருகே அது தனித்து ஓடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கூரான பிளேடால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் கீறி, நடுவில் உள்ள செம்பை மட்டும் பெயர்த்து எடுக்க வேண்டும். தடத்துக்குப் பதிலாக ஒயரோ கெப்பாசிட்டரின் காலோ வந்து சேர்ந்தால் வெட்டத் தேவையில்லை, ஈயத்தை உருக்கி அந்தக் காலை எடுத்துவிட்டால் போதும். இரு பக்க ஒலிக்கும் இப்படிச் செய்த பின், பிரிந்த இரு பக்கங்களுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை மீட்டரின் பீப் ஒலியால் சோதித்துக்கொள்ளுங்கள். இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு புள்ளிகள் கிடைக்கின்றன. ஒன்று ரேடியோவும் கேசட்டும் வந்து சேரும் புள்ளி, மற்றது குமிழுக்குப் போகும் புள்ளி.

ஜாக்கின் கால்களை மீட்டரால் அடையாளம் கண்டு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பின்னின் நுனி இடப்பக்க ஒலி, அடுத்த வளையம் வலப்பக்க ஒலி, அடிப்பகுதி கிரவுண்ட். நுனியைத் தொடும் காலும் அதற்குத் துணையான சுவிட்ச் காலும் பின் இல்லாதபோது பீப் அடிக்க வேண்டும், பின்னைச் செருகியதும் பீப் நிற்க வேண்டும். வளையத்துக்கும் அப்படியே. குமிழுக்குப் போகும் புள்ளிகளை நுனிக் காலிலும் வளையக் காலிலும் இணைக்க வேண்டும். ரேடியோவிலிருந்து வரும் புள்ளிகளை அவற்றின் சுவிட்ச் கால்களில் இணைக்க வேண்டும். இதை மாற்றி இணைத்துவிட்டால் ஃபோனின் ஒலி ரேடியோப் பகுதிக்குள் போகுமே தவிர ஸ்பீக்கருக்கு வராது. இந்த ஓர் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள் என்பதால் இருமுறை பார்த்துவிட்டு ஈயம் வையுங்கள்.

நுனிக் காலிலிருந்தும் வளையக் காலிலிருந்தும் குமிழுக்குப் போகும் ஒவ்வொரு ஒயரிலும், குமிழின் அருகில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக வைக்க வேண்டும். அது நேர்மின்னோட்டத்தை மறித்து ஒலியை மட்டும் கடத்தும். குமிழ் 20 கிலோ ஓம் என்றால் இந்தக் கெப்பாசிட்டர் ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கிக் கடத்துமாதலால் தவில் அடியின் ஆழம் சிறிதும் குறையாது. 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களில் இரண்டை நுனிக் காலுக்கும் வளையக் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலும், மற்ற இரண்டைச் சுவிட்ச் கால்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலும் வைத்துவிட்டால், பின்னைச் செருகும்போதும் எடுக்கும்போதும் ‘டப்’ என்று ஸ்பீக்கர் அதிர்வது குறையும்.

கிரவுண்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஜாக்கின் கிரவுண்டை வால்யூம் கன்ட்ரோலின் கிரவுண்ட் காலில் மட்டுமே இணைக்க வேண்டும். செட்டின் தகரப் பெட்டியிலோ வண்டியின் உடம்பிலோ அது வேறெங்கும் தொடக் கூடாது. பிளாஸ்டிக் ஜாக்கை நான் வற்புறுத்தியது இதற்காகத்தான். உலோகக் கழுத்துள்ள ஜாக்கைத் தகரத்தில் முடுக்கினால் கிரவுண்டுக்கு இரண்டு வழிகள் உண்டாகி, எஞ்சின் ஓடும்போது ஒரு கீச்சொலி ஒட்டிக்கொள்ளும். ஷீல்டு ஒயரின் வலையையும் குமிழ்ப் பக்கத்தில் மட்டும் கிரவுண்டில் வையுங்கள். வரவுக்கு ஓர் ஒயர், போக்குக்கு ஓர் ஒயர் என இரண்டு ஷீல்டு ஒயர்கள் ஆகும். ஜாக்கின் கிரவுண்டுக்குத் தனியாக ஒரு மெல்லிய ஒயரைப் போக்கு ஒயரோடு சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். இவை கேசட் மோட்டாரின் ஒயரை உரசாமல் ஓட வேண்டும், அரை மீட்டருக்குள் முடிந்தால் நல்லது.

ஒற்றை ஸ்பீக்கர் மட்டும் உள்ள மோனோ செட்டில் குமிழும் ஓரடுக்குதான் இருக்கும். ஃபோனின் இரண்டு பக்கங்களையும் நேரடியாக முறுக்கிச் சேர்த்துவிடாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, அவற்றின் மறுமுனைகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

ஃபோன் பாட்டு ரேடியோவைவிட மிக ஓங்கிக் கேட்டால், ஃபோனிலிருந்து ஜாக்குக்கு வரும் ஒயரில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு 10 கிலோ ஓம் தொடராகவும் இன்னொரு 10 கிலோ ஓம் கிரவுண்டுக்குமாக வைத்தால் ஒலி அளவு பாதிக்கும் கீழே இறங்கும். முதலில் ரெசிஸ்டர் இல்லாமல் ஓட்டிப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் வைக்கலாம். ஃபோனின் ஒலியை முக்கால் அளவுக்கு மேல் வைத்துச் செட்டின் குமிழால் கட்டுப்படுத்துவதே இரைச்சல் குறைந்த முறை.

ரேடியோ நிலையில் இருந்தால்தான் செட்டு விழித்திருக்கும் என்பதால், ஆக்ஸ் கேட்கும்போதும் ரேடியோ இயங்கிக்கொண்டுதான் இருக்கும். நிலையம் கிடைக்காதபோது ஒலியை அடைத்துவிடும் டியூனர்கள் சில உண்டு, அவற்றில் நன்றாக எடுக்கும் ஒரு நிலையத்தில் முள்ளை நிறுத்திவிட்டு ஃபோனைச் செருக வேண்டும். குற்றாலத்தில் சீசனுக்கு அம்பாசடர் ஓட்டும் ஒருவருக்கு இதைச் செய்துகொடுத்தபோது, “அண்ணாச்சி, பாட்டு வராட்டாலும் பரவாயில்ல, ரேடியோ மட்டும் போயிரக் கூடாது பாத்துக்கிடுங்க” என்று மூன்று முறை சொன்னார். மத்திய அலையில் 1197 கிலோஹெர்ட்ஸில் திருநெல்வேலி வானொலியைக் கேட்டுக்கொண்டே சவாரி போய்ப் பழகியவர் அவர். சுவிட்ச் உள்ள ஜாக்கை நான் வலியுறுத்துவதற்கு அவரைப் போன்றவர்களின் கவலையும் ஒரு காரணம்.

பொத்தானால் ஒலியைக் கூட்டும் செட்டுகள்

1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த பல செட்டுகளில் குமிழ் என்பது வெறும் சுழல் சுவிட்ச் மட்டுமே, ஒலி அதன் வழியே போவதில்லை. டிடிஏ 7313, டிடிஏ 7318 போன்ற ஐசி ஒன்று உள்ளே இருந்து, எந்த ஒலியைத் தேர்வது, எவ்வளவு கூட்டுவது என்பதையெல்லாம் கவனிக்கிறது. டிடிஏ 7313இல் மூன்று ஸ்டீரியோ நுழைவுகளும், டிடிஏ 7318இல் நான்கும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று காலியாக இருந்தாலும், அதைத் தேர்ந்தெடுக்கும்படி செட்டின் கட்டுப்பாட்டு ஐசிக்குச் சொல்ல நம்மால் முடியாது. ஆகவே ஏற்கெனவே பயன்படும் ரேடியோ அல்லது கேசட் நுழைவையே பிடிக்க வேண்டும். ஐசியின் எண்ணைக் கொண்டு அதன் தகவல் தாளைத் தேடி, அந்த நுழைவுக் கால்களைக் கண்டுபிடித்தால், ஒவ்வொரு காலின் முன்னும் ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். அதன் ஐசிப் பக்கத்தை விட்டுவிட்டு, ஒலி வரும் பக்கத்துக் காலை மட்டும் தூக்கி, முன்சொன்ன ஜாக் இணைப்பை அந்த இடைவெளியில் கொடுக்க வேண்டும். ஐசியின் கால்களில் சில வோல்ட் நேர்மின்னழுத்தம் எப்போதும் நிற்கும், அந்தக் கெப்பாசிட்டர்தான் ஃபோனை அதிலிருந்து காக்கிறது. கெப்பாசிட்டர் கால்கள் இல்லாமல் போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைத்த, அரிசி மணியைவிடச் சிறிய வகையாக இருந்தால், கைப்பழக்கம் உள்ள ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைப்பதே சரி.

கேசட் நுழைவைப் பிடித்தவர்கள் கேசட் நிலையை இயக்குவதற்கு, நாடாவை எடுத்துவிட்ட வெற்றுக் கேசட் ஒன்றைப் போட்டுவைக்கலாம். சக்கரம் சுழல்வதைக் கவனித்து நின்றுவிடும் செட்டுகளில், உள்ளே இரண்டு சக்கரங்களும் தடையின்றிச் சுழலும்படி அந்தக் கேசட் இருக்க வேண்டும்.

இயர்ஃபோன் துளை இல்லாத ஃபோன்கள்

இப்போது வரும் ஃபோன்கள் பலவற்றில் 3.5 மில்லிமீட்டர் துளையே இல்லை. டைப் சி சாக்கெட்டில் செருகும் சிறு மாற்றி ஒன்றை வாங்கினால் மேற்சொன்ன ஜாக் அப்படியே பயன்படும். அதுவே எளிது. ஒயரே வேண்டாம் என்பவர்கள் ப்ளூடூத் போர்டு ஒன்றை உள்ளே வைக்கலாம். அதற்கு 5 வோல்ட் வேண்டும். எஞ்சின் ஓடும்போது வரும் 14.4 வோல்ட்டை 7805 ஐசியால் 5ஆகக் குறைத்தால், 100 மில்லி ஆம்பியர் எடுக்கும் போர்டுக்குக்கூட ஒரு வாட்டுக்கு நெருக்கமான வெப்பம் வெளிவரும் என்பதால் அதற்குச் சிறிய அலுமினியத் தகடு மாட்ட வேண்டும். மின்சாரத்தைச் சிவப்பு ஒயரிலிருந்து எடுங்கள். மஞ்சளிலிருந்து எடுத்தால் வண்டி நிற்கும்போதும் போர்டு விழித்திருந்து பேட்டரியைக் குடிக்கும். போர்டின் மின்சாரக் கிரவுண்டும் ஒலிக் கிரவுண்டும் ஒன்றாகவே இருப்பதால் பெரும்பாலான போர்டுகளில் ஒரு ரீங்காரம் வரும். 5 வோல்ட்டுக்கும் போர்டுக்கும் இடையே பி0505எஸ் என்ற ஒரு வாட் பிரிப்பு மாட்யூல் வைத்தால் அது நின்றுவிடும். போர்டைத் தகரப் பெட்டிக்குள் அடைத்தால் ஃபோனின் அலை உள்ளே புகாது, பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும்.

எஞ்சின் கீச்சொலி

செட்டை மீண்டும் வண்டியில் பொருத்துவதற்கு முன், ஒயர்களை மட்டும் மாட்டி, எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் கீச்சொலி கேட்டால், அது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து கிரவுண்ட் வழியாக வருகிறது. ஃபோன் சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றால், சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் ஒயர் வழியாகவும் கிரவுண்டு இரண்டு பக்கம் போகிறது என்று பொருள். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற பெயரில் இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் உள்ள பெட்டி கடைகளில் கிடைக்கிறது. ஃபோனுக்கும் ஜாக்குக்கும் நடுவில் அதை மாட்டினால் கீச்சொலி அடங்கும். சார்ஜர் இல்லாதபோதும் கேட்டால் செட்டின் கறுப்பு ஒயர் சேரும் இடத்தைப் பாருங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களின் வண்டிகளில் அந்த ஸ்குரூ துருவேறி எர்த் பலவீனமாகியிருப்பது வழக்கம். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி இறுக்கினால் தீரும்.

பொருத்துதல்

ஜாக்கை முகப்பில் வைக்க விரும்பினால், கேசட் உள்ளே போய் வரும் இயந்திரத்தை இடிக்காத மூலையில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். துளை போடும்போது முகப்பைத் தனியே கழற்றிவிடுங்கள், உலோகத் துகள் போர்டில் விழுந்தால் எப்போதாவது ஷார்ட் அடிக்கும். முகப்பைக் கெடுக்க மனமில்லாதவர்கள் ஒயரைப் பின்பக்கமாக எடுத்து, ஆஷ்ட்ரேக்கு அருகிலோ கையுறைப் பெட்டிக்குள்ளோ ஜாக்கை வைக்கலாம்.

நம் ஊர் வெயிலை இந்த இடத்தில் கணக்கில் எடுத்தாக வேண்டும். சித்திரை, வைகாசியில் வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும். ஹாட் குளூ பசை அதில் இளகி ஜாக் கழன்றுவிடும், கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசை வழிந்து டேப் தானாகவே பிரிந்துவிடும். ஆகவே ஜாக்குக்கு அரால்டைட்டும் இணைப்புகளுக்கு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவுமே பயன்படுத்த வேண்டும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மண்ணும் தென்காசிப் பக்கத்துச் சாரல் ஈரமும் ஜாக்கின் சுவிட்ச் தொடர்புகளில் படிந்தால், பின் செருகாதபோது ரேடியோவின் ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைந்து கேட்கத் தொடங்கும். அப்போது செட்டைத் திறக்க வேண்டாம். ஜாக்கின் துளையில் கான்டாக்ட் கிளீனரை ஒருமுறை தெளித்து, பின்னைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்தால் சரியாகிவிடும். ஜாக்கைப் பயன்படுத்தாத நாட்களில் சிறு ரப்பர் மூடி ஒன்றைப் போட்டுவைப்பதும் உதவும்.

மூடியைப் போடுவதற்கு முன், ஒயர்கள் கேசட் இயந்திரத்தின் சக்கரங்களில் சிக்காதபடி கட்டி, ஒரு பழைய கேசட்டை உள்ளே போட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். வெட்டிய தடம் எது, எந்த நிற ஒயர் ஜாக்கின் எந்தக் காலுக்குப் போகிறது என்பதை ஒரு தாளில் வரைந்து, தேதியும் எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்தச் செட்டைத் திறக்கும் கை நம்முடையதாக இல்லாமல் இருக்கலாம்.